முதலில் பேசுவது உயரம்தான்

இருசி என்று ஒரு சொல் நம் ஊர்களில் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில், குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வாள். வயதுக்கு வராத பெண் என்று அர்த்தம். அந்தச் சொல் விழுந்த வீட்டில் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு இல்லை, தாய்மாமன் சீர் இல்லை, பெரும்பாலும் கல்யாணப் பேச்சும் இல்லை. காரணம் கேட்டால் நாகதோஷம் என்பார்கள், முன்னோர் சாபம் என்பார்கள், கர்ப்பத்தில் தாய் கிரகணம் பார்த்துவிட்டாள் என்பார்கள்.

பெண் பூப்பெய்தாமல் இருக்கப் பல மருத்துவக் காரணங்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்று 1959ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கியின் கீழ் தெளிவாகிவிட்டது. அந்தப் பெண்ணின் செல்களில் இருக்கவேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று இல்லை, அல்லது முழுதாக இல்லை. இதற்கு டர்னர் சிண்ட்ரோம் என்று பெயர். 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவர் இப்படிப் பிறக்கிறார். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பெண் குழந்தைகள் பிறக்கும் தமிழ்நாட்டில், இந்தக் கணக்குப்படி ஒவ்வோர் ஆண்டும் 160 முதல் 200 பேர்.

இவர்களில் பலர் பதினைந்து, பதினாறு வயதில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள். "இன்னும் ஆளாகவில்லையே" என்ற கவலைதான் அவர்களை அழைத்து வருகிறது. ஆனால் உடல் அதுவரை பேசாமல் இருக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்பே உயரத்தின் வழியாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. நாம்தான் பூப்பு என்ற ஒரே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

கதவு நிலையில் ஒரு கோடு

பல வீடுகளில் கதவு நிலையில் பென்சில் கோடுகள் இருக்கும். பிறந்தநாளன்று பிள்ளையை முதுகு ஒட்ட நிறுத்தி, தலைமேல் ஸ்கேலைப் படுக்கவைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுவார்கள். நான்கு வயதுக்கு மேல், பூப்பு நெருங்கும் வரை, நன்றாக வளரும் பிள்ளையின் இரண்டு வருடக் கோடுகளுக்கு நடுவே 5 முதல் 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். பெரியவர் கையில் மூன்று விரல் அகலம். டர்னர் உள்ள சிறுமியின் கோடுகள் நெருங்கி நெருங்கி விழும். ஒரு வருடம் 4 செ.மீ., அடுத்த வருடம் அதற்கும் குறைவு. இரண்டு வயது இளைய தம்பியின் கோடு ஒருநாள் அவள் கோட்டைத் தாண்டிப் போகும்.

வீட்டில் இதற்கு விளக்கம் தயாராக இருக்கும். "அவ அப்பத்தா மாதிரி, குள்ளம்தான்." "நானே பதினாறில்தான் ஆளானேன், அப்புறம்தான் மளமளன்னு வளர்ந்தேன்." பள்ளியில் காலைப் பிரேயர் வரிசையில் வருடா வருடம் அவள்தான் முதல் ஆள். ஆசிரியரும் செல்லமாக ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்.

அப்பத்தா சாயலா, வேறு காரணமா என்று பார்க்க எளிய கணக்கு ஒன்று உண்டு. அப்பாவின் உயரத்தில் 13 செ.மீ. கழித்து, அதோடு அம்மாவின் உயரத்தைக் கூட்டி, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 168, அம்மா 155 என்றால் மகள் எட்டக்கூடிய உயரம் 155 செ.மீ. சுற்றுவட்டாரம். ஏழெட்டு செ.மீ. கூடலாம், குறையலாம். அவள் போகும் போக்கு அந்த எல்லைக்கு மிகக் கீழே இருக்கிறது என்றால், பழியை அப்பத்தாமேல் போட முடியாது. இன்னோர் அளவுகோல்: உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் 5 வயதுப் பெண் குழந்தையின் நடு உயரம் ஏறத்தாழ 109 செ.மீ. அந்த வயதில் 100 செ.மீ.க்குக் கீழே நிற்கும் குழந்தையை மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். குட்டையாக இருக்கும் எல்லாப் பெண் குழந்தைக்கும் டர்னர் இருக்கும் என்பதில்லை. சத்துக்குறைவு, தைராய்டு குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் காரணம் தெரியாமல் குட்டையாக இருக்கும் எந்தப் பெண் குழந்தைக்கும் டர்னர் இல்லை என்று உறுதிசெய்யாமல் விடக்கூடாது என்பது குழந்தை ஹார்மோன் மருத்துவத்தின் அடிப்படைப் பாடம்.

சில குழந்தைகளின் உடல் இன்னும் முன்பே, பிறந்த அன்றே சொல்லிவிடும். புறங்கையும் புறங்காலும் நீர் கோத்துப் பொதபொதவென்று வீங்கியிருக்கும். பிடரியில் தோல் மடிப்பு விழுந்திருக்கும், அல்லது கழுத்தின் இருபுறமும் தோல் விரிந்து தோளில் இறங்கும். தாயின் வயிற்றில் இருந்தபோது நிணநீர் சரியாக வடியாமல் தேங்கியதன் அடையாளம் இது. பின்கழுத்து முடி தாழ்வாக இறங்கியிருக்கும். மேல்வாய் குவிந்து உயர்ந்திருப்பதால் பால் குடிக்கச் சிரமப்படும். வளர்ந்தபின் கையை முஷ்டி பிடித்தால் மோதிர விரலின் மொளி மேலெழாமல் பள்ளமாகத் தெரியலாம். கையைத் தொங்கவிட்டால் முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாக விலகி நிற்கும். இவை எல்லாம் எல்லோருக்கும் இருக்காது. சிலருக்கு ஒன்றுகூட இருக்காது. உயரக்குறைவு மட்டும் ஏறத்தாழ எல்லோருக்கும் இருக்கும்.

எங்கே தொலைந்தது?

நம் உடலின் செல்களில் 46 குரோமோசோம்கள் 23 ஜோடிகளாக இருக்கின்றன. 22 ஜோடி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கடைசி ஜோடியில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். அம்மாவின் கருமுட்டை 23ஐக் கொண்டுவருகிறது, அப்பாவின் விந்தணு 23ஐக் கொண்டுவருகிறது. இந்தப் பாகப்பிரிவினையில் எப்போதாவது ஒரு பங்கு விடுபட்டுப் போகிறது. எக்ஸும் இல்லாமல் ஒய்யும் இல்லாமல் ஒரு விந்தணு உருவாகலாம். அல்லது கரு உருவான முதல் சில நாட்களில் செல் இரண்டாகப் பிரியும்போது ஒரு குரோமோசோம் நழுவிவிடலாம். அப்படி நழுவினால் உடலின் சில செல்களில் 45, சிலவற்றில் 46 என்று கலந்திருக்கும். இதை மொசைக் என்கிறார்கள். இன்னும் சிலருக்கு இரண்டாவது எக்ஸ் இருக்கும், ஆனால் ஒரு துண்டு உடைந்தோ, முனைகள் ஒட்டி வளையமாகவோ இருக்கும். எல்லாச் செல்லிலும் ஒரே ஓர் எக்ஸ் மட்டும் உள்ளவர்கள் டர்னர் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான். ஒருத்திக்கு அடையாளங்கள் நிறையவும் இன்னொருத்திக்கு மிகக் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தாயின் வயது கூடியதால் டர்னர் வருவதில்லை. மாமன் மகனைக் கட்டியதாலும் அத்தை மகனைக் கட்டியதாலும் வருவதில்லை. சாப்பிட்ட மாத்திரையாலோ, பார்த்த கிரகணத்தாலோ வருவதில்லை. பெரும்பாலும் பரம்பரையாகவும் இறங்குவதில்லை. நம் குடும்பங்களில் இப்படி ஒன்று என்றால் முதல் பழி தாய்மேல்தான் விழும். ஆனால் டர்னர் பெண்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோரிடம் மிஞ்சியிருக்கும் எக்ஸ் தாய் கொடுத்ததுதான். வராமல் போனது தந்தை வழியில் வரவேண்டியது. அது தந்தையின் குற்றமும் அல்ல. கோடிக்கணக்கில் நடக்கும் செல் பிரிவுகளில் ஒன்றில் நேர்ந்த தற்செயல், அவ்வளவுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் எக்ஸ் மட்டும் கொண்டு உருவாகும் கருக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கர்ப்பத்திலேயே கலைந்துவிடுகின்றன. பிறந்து, அழுது, பால் குடித்து, பள்ளிக்குப் போகும் சிறுமி அந்த நூறில் ஒருத்தி. குறையுள்ளவள் என்று அவளைப் பார்ப்பவர்கள், அவள் எதைத் தாண்டி வந்தாள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தூங்குவதாகச் சொன்ன எக்ஸ்

இப்போது ஒரு கேள்வி எழும். ஆணுக்கு ஓர் எக்ஸ்தானே இருக்கிறது? அவன் நன்றாகத்தானே வளர்கிறான்? பெண்ணுக்கு மட்டும் ஒன்று போதாமல் போவது ஏன்?

1961இல் மேரி லயன் என்ற ஆங்கில விஞ்ஞானி சொன்ன கருத்து இந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று கருப் பருவத்திலேயே முடக்கப்பட்டுவிடுகிறது, ஒன்றுதான் வேலை செய்கிறது என்றார் அவர். அது சரியென்று பின்னால் உறுதியானது. அப்படியானால் எப்படியும் தூங்கப்போகிற குரோமோசோம் இல்லாமல் போனால் என்ன நஷ்டம்?

விடை, அந்த எக்ஸ் முழுதாகத் தூங்குவதில்லை என்பதில் இருக்கிறது. அதன் மரபணுக்களில் ஏறத்தாழ 15 சதவீதம், முடக்கத்துக்குத் தப்பி விழித்தே இருக்கின்றன. அவற்றில் ஒன்று ஷாக்ஸ். எக்ஸின் குட்டைக் கையின் நுனியில் உட்கார்ந்திருக்கும் இந்த மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தகட்டில் இது வேலை செய்கிறது. சரியான வளர்ச்சிக்கு இதன் இரண்டு பிரதிகளும் வேண்டும். ஆணுக்கு இரண்டாவது பிரதி ஒய்யின் நுனியில் இருக்கிறது. ஆக ஆணுக்கும் இரண்டு, பெண்ணுக்கும் இரண்டு. டர்னர் பெண்ணிடம் மட்டும் ஒன்று. உயரக்குறைவுக்கும், முழங்கை விலகி நிற்பதற்கும், மோதிர விரலின் உள்ளங்கை எலும்பு குட்டையாவதற்கும் பெரிய காரணம் இந்த ஒற்றைப் பிரதிதான். ஆய்வுக்கூடத்துச் சுண்டெலி ஓர் எக்ஸோடு பிறந்தாலும் பெரிய பாதிப்பின்றி வளர்ந்து குட்டியும் போடும். சுண்டெலிக்கு ஷாக்ஸ் மரபணுவே கிடையாது என்பதை இதோடு சேர்த்துப் பார்த்தால், அந்தச் சிறு மரபணுவின் கனம் புரியும்.

சினைப்பையின் கதை வேறு. உடலின் மற்ற செல்களில் ஓர் எக்ஸ் முடங்கியிருந்தாலும், கருமுட்டைச் செல்களில் முடங்கிய எக்ஸும் எழுப்பப்படுகிறது. அங்கே இரண்டும் வேலை செய்ய வேண்டும். டர்னர் சிறுமிக்கும் தாய் வயிற்றில் இருக்கும்போது சினைப்பை உருவாகிறது, கருமுட்டைகளும் தோன்றுகின்றன. ஆனால் அவை வேகமாக அழிகின்றன. மற்றப் பெண்களுக்கு ஐம்பது வயதுவரை நீடிக்கும் கையிருப்பு, இவர்களில் பெரும்பாலோருக்குப் பிறப்பதற்கு முன்போ, சிறு வயதிலோ தீர்ந்துபோகிறது. பூப்பு வரும் முன்பே மாதவிலக்கு நிற்கும் பருவம் வந்துவிடுகிறது என்று சொல்லலாம். கையிருப்பு கொஞ்சம் மிஞ்சிய சிலர், முக்கியமாக மொசைக் வகையினர், தாமாகவே பூப்பெய்துவதும் உண்டு. மிகச் சிலர் இயல்பாகக் கருத்தரிப்பதும் உண்டு.

துப்புத் துலங்கிய விதம்

1938இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஹென்றி டர்னர் என்ற மருத்துவர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினார். எல்லோரும் குட்டை, கழுத்தில் தோல் மடிப்பு, விலகிய முழங்கை, பூப்பெய்தாத உடல். எட்டு வருடத்துக்கு முன்பே ஜெர்மனியின் ஓட்டோ உல்ரிச் இதே அடையாளங்களை ஒரு சிறுமியிடம் கண்டு எழுதியிருந்தார். பெயர் டர்னருக்குப் போனது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சோர்ந்துபோனதுதான் காரணம் என்று டர்னர் நினைத்தார். 1940களில் இந்தப் பெண்களின் சிறுநீரில் பிட்யூட்டரி ஹார்மோனை அளந்தபோது, அது குறைவாக இல்லை, மிக அதிகமாக இருந்தது. பிட்யூட்டரி கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கிறது, சினைப்பைதான் பதில் சொல்லவில்லை.

அடுத்த துப்பு பூனையிடமிருந்து வந்தது. 1949இல் கனடாவில் முர்ரே பார், எவார்ட் பெர்ட்ரம் என்ற இருவர் பூனையின் நரம்புச் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் பூனையின் செல்லில் மட்டும் ஒரு கரும்புள்ளி இருப்பதைக் கண்டார்கள். பெண்ணின் முடங்கிய எக்ஸ் சுருண்டு கிடப்பதுதான் அந்தப் புள்ளி என்பது பின்னால் தெரிந்தது. 1954இல் லண்டனில் பால் போலானி டர்னர் பெண்களின் செல்களில் அதைத் தேடினார். பெருந்தமனி ஓரிடத்தில் குறுகிப்போகும் இதயக்கோளாறு பொதுவாக ஆண்களிடம்தான் அதிகம். அது இந்தப் பெண்களிடமும் அடிக்கடி இருப்பது அவர் மனதை உறுத்தியிருந்தது. தேடிய இடத்தில் கரும்புள்ளி இல்லை. பிறகு நிறக்குருடு. எக்ஸில் இருக்கும் குறையால் வருவதால் ஆண்களிடம் கூடுதலாகவும் பெண்களிடம் அபூர்வமாகவும் காணப்படுவது. டர்னர் பெண்களிடம் அது ஆண்களிடம் இருக்கும் விகிதத்தில் இருந்தது. ஓர் எக்ஸ்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நேரில் எண்ணிப் பார்க்க இன்னும் சில வருடங்கள் ஆயின. மனிதக் குரோமோசோம் 46 என்ற சரியான எண்ணிக்கையே 1956இல்தான், ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவராலும் உறுதியானது. 1959இல் சார்லஸ் ஃபோர்டும் போலானியும் அவர்களது குழுவினரும் 14 வயது டர்னர் சிறுமி ஒருத்தியின் எலும்பு மஜ்ஜைச் செல்களை எண்ணினார்கள். 45. ஓர் எக்ஸ் குறைவு. டவுன் சிண்ட்ரோமில் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பது வெளியானதும் அதே ஆண்டுதான்.

ராஜ்மாவும் செங்காந்தளும்

இன்றைக்கு அந்த எண்ணிக்கைக்கு 2, 3 மில்லி ரத்தம் போதும். கேரியோடைப் பரிசோதனை என்று பெயர். குரோமோசோம்கள் எப்போதும் கண்ணுக்குத் தெரியாது. செல் இரண்டாகப் பிரியும் தறுவாயில் மட்டும் தடித்துச் சுருண்டு, தனித்தனிக் குச்சிகளாகத் தெரியும். ரத்தத்தில் இருக்கும் வெள்ளணுக்கள் சாதாரணமாகப் பிரிவதில்லை. அவற்றைத் தூண்ட ஒரு புரதத்தைச் சேர்க்கிறார்கள். சிவப்பு ராஜ்மாவிலிருந்து எடுப்பது அது. ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் சாப்பிட்டால் வாந்தியெடுக்க வைக்கும் அதே புரதம். உடம்புச் சூட்டில் மூன்று நாள் வைத்திருந்தால் வெள்ளணுக்கள் பிரியத் தொடங்கும்.

பிரியும் செல்லைச் சரியான கட்டத்தில் நிறுத்த வேண்டும். அதற்குக் கால்ச்சிசின், அல்லது அதன் நெருங்கிய உறவான ஒரு மருந்து. இரண்டு பக்கமும் குரோமோசோம்களை இழுத்துப் போகும் இழைகளை அது உருவாகவிடாது. இழுக்க ஆளில்லாமல் குரோமோசோம்கள் நடுவிலேயே நின்றுவிடும். கால்ச்சிசின் இருக்கும் செடி நமக்கு அந்நியமில்லை. கார்த்திகையில் வேலியோரம் தீக்கொழுந்து போலப் பூக்கும் செங்காந்தள்தான், நம் மாநில மலர். ஒட்டன்சத்திரம், மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டுப் பயிரிட்டு, கால்ச்சிசினுக்காகத்தான் விதையை விற்கிறார்கள். தின்றால் உயிரைக் குடிக்கும் நஞ்சு என்று கிராமத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கிழங்கு. அந்த நஞ்சின் ஒரு துளி, சோதனைக் குழாய்க்குள் ஒரு சிறுமியின் வாழ்க்கைக்கு வழி திறக்கிறது.

அதன்பின் உப்பு குறைந்த நீரில் செல்களை ஊறவைத்தால் அவை உப்பும், உள்ளே நெருக்கியடித்துக்கொண்டிருந்த குரோமோசோம்கள் விலகும். கண்ணாடித் தகட்டில் சொட்டுவிட்டு, சாயமேற்றினால் ஒவ்வொன்றிலும் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். அந்தப் பட்டைகளை வைத்து ஜோடி சேர்ப்பார்கள். மொசைக்கைத் தவறவிடக்கூடாது என்பதால் முப்பது செல்களையாவது எண்ணுவார்கள். முடிவு வர இரண்டு, மூன்று வாரமாகும்.

சிலரின் செல்களில் ஒய் குரோமோசோமின் துணுக்கு இருப்பது தெரியவரும். அவள் பெண்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் அவளது சினைப்பைத் திசுவில் கட்டி உருவாகும் வாய்ப்பு இருப்பதால், அதை அகற்றிவிடும்படி மருத்துவர்கள் சொல்வார்கள். குடும்பத்தோடு நிதானமாக, மரியாதையாகப் பேசவேண்டிய விஷயம் இது.

உள்ளே பார்க்க வேண்டியவை

முடிவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. பெருந்தமனி வாயிலில் மூன்று இதழ் இருக்கவேண்டிய வால்வு இரண்டே இதழோடு இருக்கலாம். பெருந்தமனி ஓரிடத்தில் குறுகியிருக்கலாம். வயது ஏற ஏற அந்தத் தமனி விரிந்து, சிலருக்குச் சுவர் கிழிந்துபோகும் ஆபத்தும் உண்டு. அதனால் எக்கோ ஒருமுறை எடுத்து "எல்லாம் நல்லா இருக்கு" என்று ஃபைலில் வைத்துவிடக்கூடாது. சில வருடங்களுக்கு ஒருமுறை, தேவைப்பட்டால் எம்ஆர்ஐயோடு, வாழ்நாள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்க வேண்டும்.

சிறுநீரகங்கள் இரண்டும் அடியில் ஒட்டிக்கொண்டு குதிரைலாடம் போல இருக்கலாம். பெரும்பாலும் தொந்தரவில்லை, ஆனால் ஒருமுறை ஸ்கேன் செய்து தெரிந்துகொள்வது நல்லது. தைராய்டு குறைவும் சர்க்கரையும் மற்றவர்களைவிட அதிகம் வரும். காதில் சீழ் அடிக்கடி வரும், கேட்கும் திறன் மெல்லக் குறையலாம். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைக் கவனமில்லாதவள் என்று அதட்டுவதற்கு முன் காதைச் சோதிக்க வேண்டும்.

இரவு ஊசியும் தாமதிக்காத ஹார்மோனும்

சிகிச்சை இரண்டு கட்டம். முதல் கட்டம் உயரத்துக்கு. சிகிச்சை இல்லாவிட்டால் டர்னர் பெண் தன் இனத்துப் பெண்களின் சராசரியைவிட ஏறத்தாழ 20 செ.மீ. குட்டையாக நின்றுவிடுவாள். வளர்ச்சி ஹார்மோன் ஊசி இதில் ஒரு பகுதியை மீட்டுத் தருகிறது. கனடாவில் நடந்த ஓர் ஆய்வு, ஊசி போட்டுக்கொண்ட சிறுமிகளையும் போடாதவர்களையும் அவர்கள் வளர்ந்து முடியும்வரை ஒப்பிட்டது. 2005இல் வெளியான முடிவின்படி வித்தியாசம் சராசரியாக 7 செ.மீ. கேட்கச் சின்ன எண்தான். ஆனால் பேருந்தில் கைப்பிடியை எட்டிப் பிடிப்பதற்கும் எட்டாமல் போவதற்கும் நடுவே இருப்பது அந்த 7 செ.மீ.தான்.

ஊசி தினமும் இரவில், தோலுக்கு அடியில். இன்சுலின் பேனா போன்ற ஒரு பேனா. ஃபிரிட்ஜில் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் அது இருக்கும், ஃப்ரீசரில் போய்விடக்கூடாது. தொடை, வயிறு, மறு தொடை என்று இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இது சில வருடங்கள் தொடரும். செலவு அதிகம், சாதாரணக் குடும்பத்துக்குத் தாங்காத அளவு. எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சிகிச்சை தொடங்கும்போதே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கேட்டுப் பார்க்க வேண்டும். ஐந்தாறு வயதில் தொடங்கினால் பலன் கூடுதல். பதினாறில் வருபவளுக்கு வாசல் அடியோடு மூடிவிடுவதில்லை, ஆனால் கிடைப்பது கொஞ்சம்தான். இருசி என்ற சொல்லுக்குப் பயந்து கழிந்த வருடங்களின் உண்மையான விலை இது.

இரண்டாம் கட்டம் பூப்புக்கு. 11, 12 வயதில் ஈஸ்ட்ரோஜனை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, இரண்டு மூன்று வருடத்தில் படிப்படியாகக் கூட்டுவார்கள். இயல்பான பூப்பு எப்படி மெல்ல வருகிறதோ அப்படி. மார்பு வளரும், உடல் வடிவம் மாறும், கருப்பை வளரும். டர்னர் பெண்ணுக்குக் கருப்பை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அதை வளர்க்கும் ஹார்மோன்தான் இல்லை. பிறகு இன்னொரு ஹார்மோனையும் சேர்த்ததும் மாதவிலக்கு வரும். "எப்படியும் குழந்தை பிறக்காது, எதற்கு இந்த மாத்திரை?" என்று நடுவில் நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. ஈஸ்ட்ரோஜன் மாதவிலக்குக்கு மட்டுமல்ல. எலும்பின் உறுதிக்கும் ரத்தக்குழாய்களுக்கும் அது வேண்டும். மற்றப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதுவரை இவர்களும் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

வகுப்பறையும் வாழ்க்கையும்

டர்னர் என்றால் மூளைவளர்ச்சிக் குறைவு என்ற எண்ணம் தவறு. பெரும்பாலான டர்னர் பெண்களின் அறிவுத்திறன் மற்றவர்களைப் போன்றதே. பேச்சிலும் வாசிப்பிலும் பலர் கெட்டிக்காரர்கள். கணக்கு, வரைபடம், திசை, வடிவங்களை மனதில் திருப்பிப் பார்ப்பது இவற்றில்தான் தடுமாற்றம் வரும். தமிழில் நல்ல மார்க் எடுக்கும் பிள்ளை வடிவியலில் முட்டி நிற்கும். முள் கடிகாரத்தில் மணி பார்க்க நாளாகும். எதிரில் இருப்பவர் முகத்தில் ஓடும் எண்ணத்தைப் படிப்பதும் சிலருக்குக் கடினம், அதனால் சிநேகிதம் தாமதமாகவே கூடும். சோம்பேறி என்று திட்டுவதால் இவை மாறாது. முதல் பெஞ்சு, கணக்குக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், வரைபடத்தை வார்த்தையாக மாற்றிச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியர் இருந்தால் மாறும். அவள் குட்டையாக இருக்கிறாள் என்பதற்காகச் சின்னப் பிள்ளைபோல நடத்துவதையும் நிறுத்த வேண்டும். பதினான்கு வயதுப் பெண்ணிடம் பதினான்கு வயதுப் பேச்சைத்தான் பேச வேண்டும்.

உண்மையை அவளிடமும் மறைக்கக்கூடாது. ஊசி எதற்கு, மாத்திரை எதற்கு என்று வயதுக்கேற்ற வார்த்தையில் முன்பே சொல்லி வளர்த்தவள், கல்யாணப் பேச்சு வரும்போது உடைந்துபோவதில்லை. மணப்பவனிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்யும் கல்யாணம், மறைத்துச் செய்யும் கல்யாணத்தைவிட உறுதியாக நிற்கும். வேறொரு பெண் தானமாகத் தரும் கருமுட்டையோடு செயற்கைக் கருத்தரிப்பில் தாயானவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆனால் கர்ப்பத்தின் பாரம் பெருந்தமனிக்கு ஆபத்தாகலாம் என்பதால், இதய மருத்துவர் முழுதாகப் பார்த்துச் சம்மதித்த பின்பே அந்த முயற்சியில் இறங்க வேண்டும். தத்தெடுத்து வளர்க்கும் வழியும் இருக்கிறது. எதுவும் வேண்டாம், வேலையும் வாசிப்புமாக என் வாழ்க்கை போதும் என்றால் அதுவும் அவள் முடிவு.

அங்கன்வாடியில் குழந்தைகளின் உயரத்தை அளக்கிறார்கள். பள்ளிக்கு மருத்துவக் குழு வந்து அளக்கிறது. எண் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. அந்த எண்ணைப் போன வருடத்து எண்ணோடு வைத்து ஒருவர் வாசித்தால் போதும். அந்த ஒருவர் டீச்சராக இருக்கலாம், செவிலியராக இருக்கலாம், கதவு நிலையில் கோடு போட்ட அம்மாவாகவே இருக்கலாம்.

உங்கள் வீட்டுக் கோடுகள் நெருங்கி விழுந்திருந்தால், தேதிகளையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். "குட்டையாக இருக்கிறாள், சத்து டானிக் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். தாளை நீட்டி, "கேரியோடைப் ஒருமுறை பார்த்துவிடலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள். அதைக் கேட்கச் சரியான வயது ஐந்து. பதினைந்துவரை காத்திருக்க வேண்டாம்.